கையில் 25,000 ரூபாய்: கோவையா, கொச்சியா, வீட்டிலேயேவா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் என் மைக் செட் கடையைச் சாத்தப் போகும் நேரத்தில் மூன்று பையன்கள் வந்து நின்றார்கள். கல்யாண வீடுகளுக்குக் கேட்டரிங் வேலைக்குப் போய், பந்தி பரிமாறி, ஒரு வருடமாகச் சேர்த்த 25,000 ரூபாய் கையில் இருக்கிறது. மூன்று வெர்ஸ் (சரணம்), ஒரு ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) என்று ராப் பாட்டு ஒன்று நோட்டில் தயாராக இருக்கிறது. "ஏனுங்ணா, ரெக்கார்டிங்குக்குக் கோயமுத்தூர் போறதா, எர்ணாகுளம் போறதா?" என்றான் பெரியவன். கண்ணாடி போட்டவன் மட்டும் மெதுவாக, "நம்ம ஊட்லயே பண்ணிக்கலாமா?" என்று கேட்டான். மற்ற இருவரும் அவனை முறைத்தார்கள்.

அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. அதற்கப்புறம் அவர்களோடு கோவைக்கு ஒரு நடை போனேன், கொச்சிக்கு அவர்களே போய் வந்தார்கள், கணக்கும் போட்டுப் பார்த்தோம். வேலந்தாவளத்திலிருந்து கோவிந்தாபுரம் வரைக்கும் இந்தச் சித்தூர் தாலுகா எல்லையில் இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். நானும் சில வருடங்களுக்கு முன் பாட்டு போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கோவை. பஸ் ஏறினால் உக்கடம், ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். மொழிப் பிரச்சினை இல்லை. ஹிப்ஹாப் தமிழா ஆதி அந்த ஊர்க்காரர் என்பதால், ராப் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் ஏறி இறங்கிய ஸ்டூடியோக்கள் பிழைப்பு நடத்துவது பக்திப் பாட்டிலும் விளம்பரத்திலும். பையன்கள் போனில் பாடி வைத்திருந்த டெமோவைப் போட்டுக் காட்டினோம். இன்ஜினியர் நல்ல மனுஷர், கை சுத்தமான கை. மாதிரிக்கு நாலு வரி பதிவு செய்து கொடுத்தார். திரும்பக் கேட்டால் குரலைச் சுற்றி அப்படியொரு எதிரொலி, கார்த்திகை மாதத்து ஐயப்பன் பாட்டு மாதிரி. ராப்பில் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று பேச வேண்டும். இங்கே கோபுரத்து உச்சியிலிருந்து இறங்கி வந்தது. குறைத்துத் தரச் சொன்னால் குறைப்பார், அது வேறு. மணிக்கணக்கில் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது "இன்னும் கொஞ்சம் குறைங்க" என்று எத்தனை தடவை சொல்ல முடியும்?

கொச்சிக்குப் பாலக்காடு ஜங்ஷன் போய் ரயில் பிடிக்க வேண்டும். கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், ராத்திரி தங்கும் செலவு தனி. ஆனால் ராப் தெரிந்த காதுகள் அங்கே இருக்கின்றன. மலையாள ராப் நேற்று முளைத்தது இல்லை. ஸ்ட்ரீட் அகாடமிக்ஸ் குழு 2009இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்துத் தாய்க்குப் பிறந்து திருச்சூரில் வளர்ந்த வேடன் 2020இல் முதல் பாட்டை விட்டார், இன்றைக்கு அவர் மேடை ஏறினால் மைதானம் கொள்ளாது. கேரளத்தில் பிறந்த ஹனுமான்கைண்ட் 2024இல் போட்ட ஆங்கிலப் பாட்டு, மரணக் கிணறு வித்தைக்காரர்களை வைத்து எடுத்த வீடியோவோடு போய், அமெரிக்க பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 23ஆம் இடம் வரை ஏறியது. இந்த அலையைக் கேட்டு வளர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு எந்தச் சொல்லை இரட்டைக் குரலில் எடுக்க வேண்டும், எங்கே ஆட்-லிப் (இடையில் விழும் சின்னக் கூவல்) போட வேண்டும், 808 பேஸ் என்கிற அடி அதிர்வு குரலை விழுங்காமல் எப்படி விலக்குவது என்பதெல்லாம் சொல்லாமலே தெரிகிறது.

சரி, அப்போ கொச்சிதானே? இங்கேதான் ஒரு சொல் குறுக்கே வந்து படுத்தது.

பையன்களின் ஹூக் இப்படிப் போகும்:

"அங்க போனா மலையாளத்தான், இங்க நின்னா பாண்டி,
செக்போஸ்ட்டுக்கு நடுவால நிக்குது எங்க வண்டி,
எனக்கு மதிடா, எனக்கும் மதிடா!"

பாண்டி என்பது மலையாளிகள் தமிழரை இளக்காரமாகச் சொல்வது. மதி என்றால் தமிழில் அறிவு. மலையாளத்தில் போதும். முதல் தடவை "எனக்குப் போதும்டா", இரண்டாம் தடவை "எனக்கும் அறிவு இருக்குடா". ஒற்றை உம்மை விகுதியில் மொழி மாறுகிறது. இதை எழுதியவன் கண்ணாடிக்காரன். அவன் படித்தது மலையாள மீடியம். வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், எழுதத் தெரிந்தது மலையாள எழுத்து. அவன் நோட்டைத் திறந்தால் தமிழ்ப் பாட்டு முழுக்க மலையாள லிபியில் இருக்கும். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, அந்த வரி வந்ததும் நோட்டை மூடிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கோவை இன்ஜினியர் இரண்டையுமே அறிவு என்று எடுத்துக்கொண்டார். "எனக்கு மதிடான்னா பாதியில நிக்குதே தம்பி, வினைச்சொல் எங்க?" என்றார். அர்த்தத்தை விளக்கியதும், அதைப் போதும் என்றே மாற்றிவிடச் சொன்னார். கொச்சி ஸ்டூடியோ இன்ஜினியர் இரண்டையுமே 'போதும்' என்று கேட்டுச் சிரித்தாராம். ஹூக் மேடையில் பற்றிக்கொள்ளும் என்றும் சொன்னாராம். ஆனால் வெர்ஸில் வரும் "ஏனுங்", "நடுவால" எல்லாம் தமிழ் ராப் மாதிரி இல்லை, சென்னைப் பாஷையில் பாடினால் எடுபடும் என்று ஆலோசனை. இரண்டு பேரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டால் பாட்டில் சித்தூர் தாலுகா மிச்சம் இருக்காது.

"அங்கெல்லாம் கேக்கறவங்களுக்குப் புரியலேன்னா?" என்று பெரியவன் கவலைப்பட்டான். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று. தமிழ் ராப்பின் முதல் பெரிய அலையே மலேசியாவிலிருந்துதான் வந்தது. யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் 2006. அந்த உச்சரிப்பு நமக்குப் புதுசாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டோம். கொழிஞ்சாம்பாறைத் தமிழுக்கு மட்டும் ஏன் சென்னைச் சட்டை மாட்ட வேண்டும்?

இப்போது மூன்றாவது வழி, வீடு. இதைச் சொன்னாலே பையன்களின் முகம் தொங்கிவிடுகிறது, ஏதோ காசில்லாதவன் வேலை என்கிற மாதிரி. ஹிப்ஹாப் பிறந்த கதையே வேறு. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, துணிமணிக்குக் காசு வேண்டும் என்று தங்கை சிண்டி காம்ப்பெல் நடத்திய விருந்தில் அண்ணன் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டினார். அதைத்தான் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் பையன்கள் பந்தி பரிமாறிச் சேர்த்த காசும் அந்தத் துணிக்காசுக்கு உறவுமுறைதான்.

ஆனாலும் வீட்டுப் பதிவு லேசுப்பட்ட வேலையில்லை. முக்கியமாக இந்த ஊரில். மார்கழி, தை என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கிற அடியில் பனையோலைச் சத்தம் ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். அது ஓய்ந்தால் மயில். சாயங்காலம் ஆறு மணிக்குத் தோட்டத்தில் ஒன்று அகவினால் அடுத்தடுத்த தோட்டத்தில் பதில் வரும், அந்த டேக் (ஒரு தடவைப் பதிவு) போச்சு. ஆகவே ராத்திரி பத்து மணிக்கு மேல், ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜ் ஓடாத அறையில்தான் முடியும்.

மைக் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. யூடியூபில் பார்த்துவிட்டு முதலில் கண்டென்ஸர் மைக் வாங்குவார்கள். அது நுணுக்கமானது, அதனாலேயே ஓட்டு வீட்டில் அது எதிரி. சுவரில் பட்டு வரும் ஒலி, எதிர் வீட்டுக் குக்கர் விசில் எல்லாவற்றையும் பிடிக்கும். மேடையில் பிடித்துப் பாடும் சாதாரண டைனமிக் மைக் போதும். 1966இலிருந்து விற்கும் ஷூர் எஸ்எம்58 என் கடையிலேயே ஆறு கிடக்கிறது. வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, தலைக்குப் பின்னால் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டால் குரல் நெருக்கமாக, வறட்சியாக விழும். ராப்புக்கு வேண்டியதும் அதுதான். மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக் ஒலியைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி வேண்டும். அதைக் கல்யாண டிஜே செய்யும் யாரிடமாவது இரண்டு நாளைக்கு இரவல் வாங்கலாம். பதிவு செய்யும் மென்பொருளுக்குப் பேண்ட்லேப், ஆடாசிட்டி இரண்டும் இலவசம்.

வீட்டின் பெரிய லாபம் காசு இல்லை, நேரம். அந்த ஹூக்கின் மூன்றாவது வரியை என் கடைக் குடோனில் வைத்துச் சோதித்தோம். முதல் பத்து தடவை இரண்டு மதியும் ஒரே மாதிரி விழுந்தது. அப்புறம் கண்ணாடிக்காரனே கண்டுபிடித்தான். முதல் மதியைக் கையால் சோற்றைத் தடுக்கிற மாதிரி வெட்டிச் சொல்ல வேண்டும், பந்தியில் "மதி, மதி" என்பார்களே, அப்படி. இரண்டாவதற்கு முன்னால் அரைத் தட்டு நிறுத்தி, 'எனக்கும்' என்பதில் அழுத்தம் கொடுக்க வேண்டும். அது சரியாக அமைந்தது முப்பத்தி மூன்றாவது டேக்கில். மணிக்கு இவ்வளவு என்று கடிகாரம் ஓடும் இடத்தில் அந்த முப்பத்தி மூன்றாவது டேக் வந்திருக்காது.

பதிவு வீட்டில் என்றால் மிக்ஸும் (குரலையும் இசையையும் அளவு பார்த்துக் கலப்பது) வீட்டில் என்று அர்த்தமில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கோவையா கொச்சியா என்ற கேள்வியே பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்ட் எதுவும் போடாமல், எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து அனுப்பினால் மிக்ஸ் எங்கே வேண்டுமானாலும் நடக்கும். அதற்குக் கொச்சியைத்தான் சொல்வேன். தமிழ் தெரியாத ஆள் எப்படி மிக்ஸ் செய்வார் என்ற சந்தேகத்துக்குக் கண்ணாடிக்காரனின் நோட்டே பதில். மலையாள எழுத்தில் இருக்கிற அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினால் வரிக்கு வரி பார்த்துக்கொண்டே வேலை செய்வார். ழகரமும் றகரமும் அவர் மொழியிலும் உண்டு.

இனி பீட், அதாவது குரலுக்கு அடியில் ஓடும் இசை. உண்மையில் மைக்கைவிட, ஊரைவிட இதில்தான் முடிவு சரியாக எடுக்க வேண்டும். நான் கையைச் சுட்டுக்கொண்டதும் இதில்தான்.

யூடியூபில் டைப் பீட் (பிரபலமானவர் ஒருவரின் பாணியில் செய்து வைத்த பீட்) என்று தேடினால் கொட்டிக் கிடக்கும். நான் ஒன்றை இறக்கி, அதன்மேல் பாடி, ஊர்த் திருவிழா பற்றிய பாட்டு ஒன்றை வெளியிட்டேன். நாலாயிரம் பேர் கேட்டார்கள். நாலாவது மாதம் காப்பிரைட் கிளெய்ம் வந்து பாட்டு ஊமையாகிவிட்டது. திரும்பப் போய்ப் பார்த்தால் பீட்டின் கீழே சின்னதாக எழுதியிருக்கிறது, லாப நோக்கமில்லாமல் மட்டும் என்று. பீட் செய்தவர் மேல் தப்பில்லை. படிக்காமல் எடுத்தது நான்.

அடுத்த படி லீஸ். பீட்ஸ்டார்ஸ் போன்ற சந்தைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஆனால் அது வாடகை வீடு. அதே பீட்டை இன்னும் நூறு பேருக்கு வாடகைக்கு விடலாம். இத்தனை ஸ்ட்ரீம் வரைக்கும், இத்தனை வருடத்துக்கு என்று வரம்பு இருக்கும். யாருடைய பாட்டு என்று தானாக அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பாட்டைப் பதிய முடியாது, ஏனென்றால் அதே இசை பத்து பேர் பாட்டில் இருக்கிறது, யார் பாட்டு என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? பழகுவதற்கு லீஸ் பரவாயில்லை. முதல் முகவரியாக இருக்கப்போகும் பாட்டுக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

மூன்றாவது, பக்கத்தில் உட்கார்ந்து பீட் போடும் ஆள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரிப் பையன் லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருளை வைத்துக்கொண்டு நன்றாகச் செய்கிறான். இவர்கள் போய், சித்தூர் கொங்கன்படைத் திருவிழாவில் போனில் எடுத்த செண்டைச் சத்தத்தைக் கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கும்ப மாதத்தில் சித்தூர் பகவதி கோயிலில் நடக்கும் அந்தத் திருவிழா, படையெடுத்து வந்த கொங்கு ராஜாவை விரட்டிய வெற்றியைக் கொண்டாடுவது. கொங்குத் தமிழ் பேசுகிற இவர்களும் வருடா வருடம் போய் மரத்தடியில் நின்று கைதட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். பீட் போடும் பையன் அந்தச் செண்டையில் இரண்டு அடியை மட்டும் வெட்டி, 92 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 92 தட்டு) சுற்ற விட்டான். "அங்க போனா மலையாளத்தான், இங்க நின்னா பாண்டி" அதன்மேல் விழுந்தபோது எனக்குப் புல்லரித்தது. எந்த டைப் பீட்டிலும் இது கிடைக்காது. அவனுக்கு 8,000 என்று பேசினோம்.

பேசியதோடு நிறுத்தக் கூடாது. ஜிபேயில் பணம் போனால் உரிமை வந்துவிட்டது என்று இங்கே பாதிப் பேர் நினைக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அந்த எழுத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். எந்த நாடு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். ஆகவே ஒரு பக்கக் காகிதத்தில் பாட்டின் பெயர், தொகை, எத்தனை வருடம், எந்தெந்த நாடுகள், வருமானத்தில் பீட் போட்டவனுக்கு எவ்வளவு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஸ்டெம் கோப்புகளையும் (பீட்டின் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக) அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பையன் முதலில், "என்னண்ணா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றான். உன் பங்கு 30 சதவீதம் என்று இதில்தான் எழுதியிருக்கிறது, வேண்டாமா என்று கேட்டேன். வாங்கி இரண்டு தடவை படித்தான்.

இதே காகிதப் புத்தி பாட்டை வெளியிடும் லேபிள்காரர்களிடமும் வேண்டும். டெமோவைக் கேட்ட ஒருவர், வீடியோ செலவு முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவர்களுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருந்தார். பாட்டின் எல்லா உரிமையும், உலகம் முழுக்க, நிரந்தரமாக அவருக்கு. ஒரு கேமராமேனின் ஒரு நாள் கூலிக்கு ஆயுசு முழுக்கப் பாட்டைக் கொடுப்பதா? இதில் ஒப்பிட ஒன்றுமில்லை, விட்டுவிட்டோம்.

வெளியீடு சுலபம். ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களில் பாட்டை ஏற்றிக் கொடுக்கும் சேவைகள் இருக்கின்றன. டிஸ்ட்ரோகிட் மாதிரி வருடச் சந்தா வகை ஒன்று. சந்தா கட்டாமல் விட்டால் பாட்டு கடைகளிலிருந்து இறங்கிவிடும், நிரந்தரமாக நிற்க வைக்கத் தனிக் கட்டணம். சிடி பேபி மாதிரி ஒரு வெளியீட்டுக்கு ஒரு முறை கட்டிவிட்டு வருமானத்தில் 9 சதவீதம் விட்டுக்கொடுக்கும் வகை இன்னொன்று. வருடத்துக்கு ஒரு பாட்டு போடுகிறவனுக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும். மறந்துபோனாலும் பாட்டு இருக்கும். ஸ்பாட்டிஃபை வருமானத்தை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம். 2024இலிருந்து, கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு அங்கே ஒரு பைசாவும் கிடையாது. சொந்தமாக எழுதுகிறவர்கள் பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மேடை என்று வந்தால் நான் கேரளப் பக்கம்தான். இங்கே ஊருக்கு ஊர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப், ஓணம் வந்தால் மேடை, கல்லூரித் தேர்தல் வந்தால் மேடை. தமிழ் என்பதற்காக யாரும் எழுந்து போவதில்லை, தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த கூட்டம். 'பாண்டி' என்ற சொல்லைத் திருப்பி அவர்கள் முகத்துக்கு நேரே பாடும்போது முன்வரிசை என்ன செய்யும் என்று பார்க்க எனக்கும் ஆசை. கோவையில் கல்லூரி விழாவுக்குள் நுழைய அங்கே படிக்கிற ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகக் கடைசியில் கணக்கு இப்படி நிற்கிறது. பீட் 8,000. கொச்சியில் மிக்ஸும் மாஸ்டரும் (வெளியீட்டுக்கு முன் கடைசி மெருகு) சேர்த்து 9,000 என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார், இரண்டு முறை திருத்தம் உட்பட. வெளியீட்டுக்கு 2,000 ஒதுக்கியாயிற்று. மீதி 6,000. கண்ணாடிக்காரன் அதை அடுத்த பாட்டுக்கு வைக்கலாம் என்கிறான். பெரியவனுக்கு வீடியோ வேண்டும், அதுவும் ட்ரோன் வைத்து, வாளையார் செக்போஸ்ட் மேலே பறக்கிற மாதிரி. ஆறாயிரத்துக்கு ட்ரோன் பாதி நாள் கூடப் பறக்காது, செக்போஸ்ட் மேலே பறந்தால் போலீஸ்காரர் வேறு வருவார் என்றேன். மூன்றாமவன் எதுவும் பேசவில்லை, அவனுக்கு மறுநாள் வண்டித்தாவளத்தில் கல்யாணப் பந்தி. பெரியவன் அன்றைக்கு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனவன் இன்னும் கடைப் பக்கம் வரவில்லை. ஆனால் நேற்று ராத்திரி பத்தரைக்கு அவனிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு கோப்பு வந்தது, ஹூக்கின் முப்பத்தி நாலாவது டேக்.